தரங்கம்பாடியில் சொன்ன "ஆமா"

தரங்கம்பாடிக்குப் போகலாம் என்று என் மனைவி மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் இருபத்திரண்டு வருடமாகத் தகடு அடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குத் தூக்கம்தான். கடல் எங்கே ஓடிப்போகிறது என்று தள்ளிக்கொண்டே வந்தேன். போன மாதம் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு வந்தது. சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

கள்ளிக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது இடுப்பு கழன்றுவிட்டது. ஊர் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. பழைய நுழைவாயில், நேரான தெரு, மாதா கோயில், கடலைப் பார்த்தபடி டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை. எல்லாவற்றையும் அவள் நின்று நின்று பார்த்தாள். நான் நிழல் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் சத்தத்திலேயே நின்று எனக்கு வலது காது போய்விட்டது. இடது காது சுமார்தான். கம்பெனிக்குத் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும் மூச்சு விடவில்லை. யார் எது பேசினாலும் ஒரு சிரிப்பு, ஒரு "ஆமா". அதிலேயே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

கோட்டைக்கு முன்னால் பாறைகள் மேல் உட்கார்ந்தோம். காற்றும் அலையும் சேர்ந்து ஒரே இரைச்சல். எனக்கு வலது பக்கம் இருந்தவள், கடலைப் பார்த்துக்கொண்டே ஏதோ கேட்டாள். வழக்கம்போல் சிரித்து "ஆமா" என்றேன்.

என்னை ஒரு முறை பார்த்தாள். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். வாங்கிய சுண்டலைத் தொடவில்லை. பஸ் நிலையம் வரை எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள். மீதி ஊரை நாங்கள் பார்க்கவே இல்லை.

சீர்காழி தாண்டியும் அவள் முகம் ஜன்னல் பக்கமே இருந்தது. எதற்கு ஆமா போட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"அங்க நீ இன்னா கேட்ட? எனக்குக் காதுல வுழல. அங்க மட்டும் இல்ல, ரொம்ப நாளாவே சரியா வுழல."

திரும்பினாள். "ரொம்ப நாளான்னா?"

"நாலஞ்சு வருசமா."

"அப்போ ஊட்ல நான் பேசிக்கினு இருந்ததெல்லாம்?"

"வுழாததுக்கெல்லாம் ஆமா போட்டுக்கினு இருந்தேன்."

"செவுத்தாண்ட பேசிக்கினு இருந்திருக்கேன்" என்றாள். அவள் கண் கலங்கியது. எனக்கு அவமானமாக இருந்தது. கம்பெனியை ஏமாற்றுவதாக நினைத்து இவளை ஏமாற்றியிருக்கிறேன்.

பிறகு என் இடது காதருகே வந்து கத்தினாள். "என்னோட இத்தினி வருசம் குடும்பம் நடத்தி உனக்குச் சலிச்சிப் போச்சானு கேட்டேன். நீ ஆமான்னு சிரிக்கிற!"

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்குச் சலிப்பு நிறைய இருக்கிறது. ஷிப்டு சலித்துவிட்டது, பஸ் சலித்துவிட்டது, காலையில் எழுந்திருப்பதே சலித்துவிட்டது. இவள் மட்டும் சலிக்கவில்லை. அதை அத்தனை பேருக்கு நடுவில் எப்படி விளக்குவது?

"இல்ல" என்று நானும் கத்தினேன்.

"நான் கேட்டது காதுல வுழுந்துதானே சொல்ற?"

"வுழுந்துச்சு."

"அப்ப இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன்.