ஐஸ் இல்லாத நண்டுப் பெட்டி

பழவேற்காடு ஏரியில் என் வீட்டுக்காரர் பிடிக்கும் நண்டை விற்பது நான்தான். போன மாதம் ஒரு வெளியூர் வியாபாரிக்காக நண்டு வாங்கப் புதிதாக ஒரு ஏஜென்ட் வந்தார். "ஸ்மார்ட் கான்ட்ராக்ட் போட்டுக்கலாம்மா. பெட்டியில ஒரு கருவி இருக்கும். சரக்கு சில்லுனு வந்துச்சுனு அது சொன்னா, பணம் தானா உங்க கணக்குல விழும். பிளாக்செயின்னு ஒரு கம்ப்யூட்டர் பதிவேடு, அதுல ஏத்திட்டா யாராலும் மாத்த முடியாது" என்றார்.

யாராலும் மாற்ற முடியாது என்றதுதான் எனக்கு உறுத்தியது. வீட்டுக்காரரோ, "அப்போ வியாபாரியும் ஏமாத்த முடியாதில்ல, இன்னா பயம் உனக்கு?" என்றார். ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும் சம்மதித்தேன்.

எப்போதும்போலக் கொடுக்கைக் கட்டி, ஈரச் சாக்கு போர்த்தி, நண்டை உயிரோடு அனுப்பினோம். ஈரச் சாக்கின் குளிர்ச்சியே அதற்குப் போதும்; ஐஸ் வைத்தால் செத்துவிடும். செத்த நண்டை யார் வாங்குவார்?

பணம் வரவில்லை. ஏஜென்டுக்குப் போன் போட்டேன்.

"அது ஐஸ்ல வர்ற இறாலுக்கு எழுதின கான்ட்ராக்ட்மா. பெட்டி சூடா இருந்ததால தானா ரத்தாயிடுச்சு. நானே நினைச்சாலும் மாத்த முடியாது."

"நண்டு இன்னா ஆச்சு?"

"அது... வித்துப்போச்சும்மா."

நல்லவேளை, ஒரு பெட்டியோடு போனது. இப்போது யார் கான்ட்ராக்ட் என்று வந்தாலும், உள்ளே இருக்கும் நிபந்தனை முழுவதையும் தமிழில் படித்துக் காட்டச் சொல்கிறேன். பிறகு ஒரே கேள்விதான்: "இதை எழுதினவரு உயிர் நண்டைப் பார்த்திருக்காரா?"