மண்ணுக்கு உப்பு

காலை ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. நான் முதலில் பார்த்தது கம்பியைத்தான். துரை பங்களாவின் பின்சுவரோரம் ஒரு மலாய்க் கான்ஸ்டபிள் குந்தியிருந்து, மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிறவரைப் போல, மண்ணுக்குள்ளிருந்து செப்புக் கம்பி ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தார். கம்பியின் ஒரு முனை சுவரில் ஏறிக் குளியலறை ஜன்னலுக்குள் போயிருந்தது. மறுமுனை வரவில்லை. இன்னொருவர் மண்வெட்டியால் வெட்டினார். முதலில் கரித்துண்டுகள் வந்தன. கரிக்கு நடுவே ஈரமாக ஒரு வெள்ளைக் கட்டி வந்தது. கான்ஸ்டபிள் அதை விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "கராம்" என்றார். மலாயில் உப்பு. அவர் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பங்களாவைச் சுற்றி நின்ற துப்பாக்கிக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அது வெள்ளைக்கார ஆட்சி காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலம். செமிலிங் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். துரை பங்களா வேலிக்கு வெளியே இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் அந்தக் கேட்டில் வரிசையாக நின்று, கையைத் தூக்கி, மடியை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் வெளியேற வேண்டும். அரிசி, சீனி, உப்பு எதுவும் வேலியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போகிறது என்று அர்த்தம். வேறு அர்த்தம் எதையும் யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். நான் அப்போது தோட்டப் பள்ளியில் வாத்தியார். பினாங்கில் அச்சான ஒரு பத்திரிகைக்கு வட்டாரச் செய்திகளும் அனுப்பிவந்தேன். பள்ளிக்குப் போகும் வழியில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தது அந்தப் பழக்கத்தினால்தான்.

அந்தக் கம்பியைப் புதைத்தவர் என் மச்சான், அக்காவின் கணவர். தோட்டத்தில் ரப்பர் ஸ்டோர் எஞ்சினையும், அதிலிருந்து பங்களாவுக்குப் போகும் மின்சாரத்தையும் பார்த்துக்கொண்டவர். நான் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். அக்கா பங்களாவில் ஆயா. துரையம்மாளின் கைக்குழந்தையைக் காலையில் குளிப்பாட்டுவது அவள் வேலை. அதற்கு வெந்நீர் வைக்க, குளியலறைச் சுவரிலேயே ஒரு பிளக்கு. அதில் மாட்டிய மின்கெட்டில். ஒரு நாள் அக்கா வீட்டுக்கு வந்ததும் இடது கையை உதறிக்கொண்டே உட்கார்ந்தாள். ஒரு கையில் கெட்டிலும் மறுகையில் குழாயும் இருந்தால் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். மச்சான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். "புள்ள கையில இருக்கும்போதா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அவர் அந்தப் பிளக்கைக் கழற்றிப் பார்த்ததை அக்கா எனக்குச் சொல்லியிருக்கிறாள். மூடியைத் திறந்ததும் சுவரின் ஈரம் உள்ளே முத்து முத்தாக நின்றதாம். திருகாணிகளில் பச்சைக் களிம்பு. ஒயரின் ரப்பர் உறை கைபட்டதும் பொடியாக உதிர்ந்தது. அது இரண்டு துளைப் பிளக்கு, எர்த்து கிடையாது. கசிகிற மின்சாரம் இறங்கிப் போக மண்ணுக்கு ஒரு வழி வேண்டும், வழி இல்லாததால் உன் உடம்பு வழியாகப் போகிறது என்று அவளுக்கு விளக்கினாராம். குளியலறைக்குள் பிளக்கே ஆகாது, வெளியே மாற்றலாம் என்று துரையிடம் கேட்டுப் பார்த்தார். துரையம்மாளுக்கு அது உள்ளேதான் வேண்டும். துரை, மாற்ற வேண்டியதை மாற்று என்று சொல்லிவிட்டார். மச்சான் ஒயரை மாற்றினார், கெட்டிலின் ஒயரையும் மாற்றினார், மூன்று துளைப் பிளக்கு ஒன்றைப் பொருத்தினார், மூன்றாவது துளையிலிருந்து செப்புக் கம்பியை ஜன்னல் வழியாக வெளியே இறக்கி ஒரு குழாய்த் துண்டில் கட்டிப் புதைத்தார்.

அங்கேதான் தடங்கல். பங்களா நின்றது கல்லும் செம்மண்ணுமான மேடு. மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. கரண்டுக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவில் ஒரு பல்பைப் பிடித்துப் பார்த்தால், அது எரியாமல் சிவப்பாக முனகியது. மண் கரண்டை வாங்கவில்லை. அந்தக் காலத்து ஒயர்மேன்களுக்கு இதற்கு ஒரே வைத்தியம்தான். குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். கரிக்குப் பஞ்சமில்லை. உப்புக்குத்தான் வழியில்லை. பங்களா குசினியில் சமையலுக்கே உப்பு அளந்துதான் வரும். மச்சானின் சாமான் பையைக் கேட்டில் தினமும் கொட்டிக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். அக்காவை மட்டும் துரையம்மாளின் வண்டி கேட்டுக்குள் வந்து ஏற்றிப்போகும். அந்த வண்டியை யாரும் நிறுத்துவதில்லை.

அந்த வாரம் ஒரு மாலை, கஞ்சியை வாயில் வைத்தேன். சப்பென்று இருந்தது.

"என்னக்கா, உப்பே இல்ல?"

"உங்க மச்சானைக் கேளு. வீட்டு உப்பையெல்லாம் மண்ணுக்கு ஊட்டிட்டாரு."

மச்சான் சிரித்தார். "மண்ணும் நம்மள மாதிரிதான் மாப்ளே. உப்பு திங்காம வேலை செய்யாது."

"உங்க மண்ணு ருசியா சாப்பிடட்டும். எங்களுக்கு ஊறுகாயாவது வாங்கிப் போடுங்க," என்றாள் அக்கா. முந்தானையில் முடிந்து கொண்டுபோனது அவள்தான் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பல்பு இப்போது முழுசாக எரிகிறது என்று மச்சான் சொன்னார். எறும்பு கடிக்கவில்லை என்றாள் அவள்.

பக்கத்துத் தோட்டத்துத் துரை சுடப்பட்டதும் எங்கள் பங்களாவுக்குப் புதுக் காவல் வந்தது. வந்தவர்கள் சுற்றுப்புறத்தைச் சோதித்தபோது, புதிதாகக் கிளறிய மண் கண்ணில் பட்டிருக்கிறது. அன்று காலை நான் பார்த்துக்கொண்டு நின்றபோதே மச்சான் பையோடு வந்தார். யாரும் கேட்பதற்கு முன்பே, "அது என்னோட வேலை" என்றார்.

விசாரணை தோட்ட ஆபீசில் நடந்தது. தோட்டத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணி மொழிபெயர்த்தார். ஜன்னல்கள் திறந்திருந்ததால் வெளியே நின்ற எங்களுக்கு எல்லாம் கேட்டது. வெள்ளைக்கார அதிகாரி முட்டாள் அல்ல. எர்த்து என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கம்பியைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொண்டார். மண்ணுக்கு உப்புப் போடுவதைக்கூட ஒப்புக்கொண்டார். பிறகு ஒன்றுதான் கேட்டார். உன்னைத் தினமும் கேட்டில் சோதிக்கிறார்கள். இந்த உப்பு வேலிக்கு வெளியே எப்படி வந்தது? "நான்தான் கொண்டாந்தேன்" என்றார் மச்சான். எப்படி என்று மறுபடியும் கேட்டதற்கும் அதையே திருப்பிச் சொன்னார். வழியைச் சொல்ல மறுக்கிறவனுக்கு அந்த வழி இன்னும் தேவைப்படுகிறது என்று அதிகாரி கிராணியிடம் சொன்னார். துரையை அழைத்துக் கேட்டார்கள். பிளக்கை மாற்றச் சொன்னது உண்மை, உப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்றார் துரை. இரண்டுமே உண்மைதான்.

அக்கா வாசற்படியில் கால் வைத்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பது எனக்குத் தெரியும். மச்சானை அப்போதுதான் வெளியே கூட்டிவந்தார்கள். கையில் விலங்கு. அவர் அவளைப் பார்த்து, வீட்டில் பேசுகிற குரலில், "இங்க என்ன வேடிக்கை? புள்ளயக் குளிப்பாட்ட நேரமாச்சு, போ" என்றார். லாரியில் ஏறியபின் ஒரு முறை திரும்பினார். "கம்பியப் புடுங்கிட்டாங்க. இனிமே பலகைமேல நின்னு குளிப்பாட்டு." கிராணி அதையும் அதிகாரிக்கு மொழிபெயர்த்தார். அதிகாரி தலையை ஆட்டினார்.

வழக்கு எதுவும் நடக்கவில்லை. சில மாதங்கள் தடுப்புக்காவலில் வைத்திருந்து, பினாங்கில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். கைக்குழந்தையாக இங்கே வந்தவர் அவர்; அங்கே அவருக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. நாகப்பட்டினத்தில் ஓர் அரிசி ஆலையில் வேலை செய்வதாக ஊருக்குப் போய்வந்த ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. அக்கா அந்தத் துரை குடும்பம் சீமைக்குப் போகும்வரை பங்களாவில் வேலை செய்தாள்.

போன மாதம் சுங்கைப் பட்டாணியில் என் வீட்டுக் குளியலறைப் பிளக்கு தீய்ந்துபோயிற்று. மாற்ற வந்தவர் லூனாஸைச் சேர்ந்த இளைஞர். மூடியைத் திறந்ததும் உச்சுக்கொட்டினார். "பாத்ரூம்ல பிளக்கு வைக்கவே கூடாதுலா அங்கிள். யாரு வச்சா?" சுவருக்குள் பச்சையும் மஞ்சளுமான ஓர் ஒயர் எதிலும் மாட்டாமல் சுருண்டு கிடந்தது. எர்த்தைக் கட்டவே இல்லை என்றார். பிளக்கை எடுத்துவிட்டு, அறைக்கு வெளியே புதிதாக ஒன்று வைத்து, எர்த்தும் கொடுத்தார். என்னோடு இருக்கும் அக்காவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "மண்ணுக்கு உப்பு போட்டாச்சா தம்பி?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் பழைய காலம் பாட்டி," என்று சிரித்தார் அவர். "இப்ப உப்பெல்லாம் வேணாம்லா."

வேலைக்கு இடைஞ்சலாக மூலையில் கிடந்த மரப்பலகையைத் தூக்கி வெளியே வைத்திருந்தார். அவர் போனதும் அக்கா சுவரைத் தடவிக்கொண்டே வந்து, அதைத் தேடி எடுத்துப் பழைய இடத்திலேயே போட்டாள்.