பர்மாக்கார அம்மாளிடம் கேட்ட கேள்வி

காரைக்குடித் தரும ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்தபோது, வாரந்தோறும் ஒரு பர்மாக்கார அம்மாள் வருவார். ரங்கூனிலிருந்து அழைத்து வந்த கணவர் இறந்தபின், அந்த அம்மாளின் பாஷையைப் பேச இங்கே ஆளில்லை. கன்னங்களில் சந்தனம்போல ஏதோ மரப்பட்டையை அரைத்துப் பூசியிருப்பார். மருந்துக்கென்று வீட்டிலிருந்து கொண்டுவரும் புட்டியை, இடக்கையால் வலது முழங்கையைத் தொட்டபடி மரியாதையாக நீட்டுவார்.

எனக்குத் தெரிந்த பர்மியப் பேச்சு, கப்பலில் வேலை பார்த்தபோது கற்ற ஒரே கேள்விதான்: "எங்கே வலிக்கிறது?"

கேட்டதும் மூச்சுவிடாமல் பேசுவார். நான் தலையாட்டுவேன்.

"என்னப்பா சொல்றாக?" என்றார் டாக்டர், ஒருநாள்.

"தெரியலைங்கய்யா."

"பெறகு எதுக்குக் கேக்குற?"

"கேட்டாத்தான் பேசுறாக."

டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அத்தனை பேச்சிலும் அந்த அம்மாள் உடம்பில் ஓர் இடத்தைக்கூடத் தொட்டுக் காட்டியதில்லை.