ஏழாயிரம்பண்ணைக் கூரையில் மூன்று டிகிரி

வெப்பக் கடத்தலை ஆராய்ச்சி செய்யப் போகிறவர்களுக்கு எல்லாக் கருவியும் கிடைத்துவிடும், நிழல்தான் கிடைக்காது. நம்பாதவர்கள் மே மாதம் மத்தியானம் ஒரு மணிக்கு விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என்னோடு சாத்தூர் பஸ்ஸுக்காக நிற்கலாம்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் கெமிக்கல் இன்ஜினியரிங் பாடம் எடுக்கும் தற்காலிக ஆசிரியை. ஏழு வருடமாக முனைவர் பட்டத்துக்கு மாரடிக்கிறேன். விஷயம் சின்னதுதான். வீணாகப் போகும் பிளாஸ்டிக்கோடு ஒரு வெள்ளைப் பொடியைக் கலந்து, உருக்கித் தகடாக்கி, கூரைக்கு மேலே நாலு விரல் இடைவெளி விட்டுப் போட்டால் உள்ளே மூன்று டிகிரி சூடு குறையும். ஆய்வகத்தில் பெரிய விளக்கைக் காட்டிச் சூடேற்றி, குறைத்தும் காட்டிவிட்டேன். விளக்கு வேறு, வெயில் வேறு, ஆட்கள் வேலை பார்க்கிற நிஜக் கூரையில் பதினைந்து நாள் அளந்து கொண்டு வா என்று பரிசீலனைக் குழு சொல்லிவிட்டது. ஏற்கெனவே இரண்டு தடவை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று. ஜூன் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பட்டம் இல்லாவிட்டால் கல்லூரியில் வேலையும் இல்லை. ஆகவே, என்னைப் போலவே எங்கேயோ மாட்டிக்கொண்டு முழிக்கும் சக பாவிகளே, என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கேளுங்கள்.

கல்யாண வீட்டு விசாரணை

திருத்தங்கலில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே அச்சாபீஸ் வைத்திருக்கும் என் சித்தப்பா உட்கார்ந்தார். சாம்பார் வருவதற்குள் விசாரணையை ஆரம்பித்துவிட்டார். என்ன படிப்பு, எப்போது முடியும், முடிந்தால் சம்பளம் கூடுமா, இன்னும் ஏன் முடியவில்லை. பரிசீலனைக் குழு கூட என்னை இப்படிக் குடைந்ததில்லை.

வெப்பம், கதிர்வீச்சு, பாலிமர் என்று நானும் இலையில் அப்பளத்தை வைத்துக்கொண்டு விளக்கினேன். அப்பளம்தான் கூரை, அதற்கு மேலே இன்னோர் அப்பளம்தான் என் தகடு. பந்தியே சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. சித்தப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரசத்தை ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சொன்னார்: "ஏழு வருசமா ஒரு கூரையக் குளிர வைக்கியாக்கும்? அன்னைக்கே நாலு வேப்பங்கன்னு வச்சிருந்தீன்னா இந்நேரம் நெழலே வந்திருக்குமே தாயி!"

சூட்டைக் கண்டு பயந்தவர்

பிளாஸ்டிக் மணிகளை உருக்கித் தகடாகத் தள்ளுகிற எக்ஸ்ட்ரூடர் எங்கள் ஆய்வகத்தில் ஒன்றுதான் உண்டு. அதைச் சூடேற்றவே ஒன்றரை மணி நேரம் ஆகும். சூடேறியபின் இருநூறு டிகிரியில் நிறுத்தி வைக்க வேண்டும். நடுவில் அணைத்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கல்லாக இறுகிவிடும். இதையெல்லாம் லேப் அசிஸ்டென்ட் பரமசிவத்திடம் ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லி, மெஷினை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு, சாப்பிடப் போனேன். போனது ஒரே ஒரு மணி நேரம்.

திரும்பி வந்தால் மெஷின் சத்தமே இல்லை. உள்ளே சுழல வேண்டிய இரும்புத் தண்டு அசைய மறுக்கிறது. அதைப் பிரித்து, ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைச் சுரண்டி எடுக்க முழுசாக நாலு நாள் ஆயிற்று. என் விரல் நகம் இரண்டு போயிற்று. ஏன் அணைத்தீர்கள் என்று கத்தினேன். பரமசிவம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தொட்டுப் பாத்தேன் மேடம், மெஷினு பயங்கரமா சூடாயிருந்துச்சு. பாவம், கொஞ்சம் ஆறட்டுமேன்னுதான் அணைச்சேன்."

கேட்டில் திரும்பிய சேலை

ஒருவழியாகத் தகடுகள் தயார். சாத்தூரைத் தாண்டி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி இடம் தர ஒத்துக்கொண்டது. முதல் நாள் போனேன். போர்மேன் சுந்தரராஜ் கேட்டிலேயே மறித்து என் செல்போனை வாங்கி வைத்தார். வெப்பத்தைத் தானாகப் பதிவு செய்யும் கருவியையும் வாங்கி வைத்தார். பேட்டரி போட்ட எதுவும் உள்ளே போகக் கூடாதாம். கடைசியில் என் சேலையைப் பார்த்து, பாலியஸ்டரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த மாதிரித் துணி உராய்ந்து உண்டாகும் ஒரு சின்னப் பொறி போதும், மருந்து கலக்கிற இடத்தில் வேறெதுவும் வேண்டாம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

மறுநாள் நூல்சேலை கட்டிக்கொண்டு தகட்டோடு போய் நின்றேன். சுந்தரராஜ் தகட்டை வாங்கி, தோளில் கிடந்த துண்டில் நாலு தேய் தேய்த்து, கீழே கிடந்த காகிதத் துணுக்குகளுக்கு மேலே காட்டினார். துணுக்குகள் துள்ளிப் போய்த் தகட்டில் ஒட்டிக்கொண்டன. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இருநூற்றுச் சொச்சம் பக்க ஆய்வேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கூட நான் எழுதியிருக்கவில்லை. மருந்தே வராத, காகிதக் குழாய் உருட்டுகிற அறைகளில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கடைசியில் மனமிறங்கினார். இறங்கும்போதும் சும்மா இறங்கவில்லை: "கட்டியிருந்த சேலைக்கே உங்களத் திருப்பி அனுப்புனேன். நீங்க அதோட பங்காளியத் தூக்கிட்டு வந்து கூரை மேல ஏத்தச் சொல்றீகளே மேடம்!"

முத்துலட்சுமியின் தாராளம்

ஒன்பதாம் நம்பர் அறைக்கு மேலே தகடு. பக்கத்தில் அதே அளவுள்ள பத்தாம் நம்பர் அறை மொட்டை சிமெண்ட் ஷீட்டோடு அப்படியே. இரண்டையும் ஒப்பிட வேண்டும். கருவி கூடாது என்பதால் இரண்டிலும் கண்ணாடித் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டேன். மணிக்கொரு தரம் பார்த்து நோட்டில் எழுத, ஒன்பதாம் நம்பரில் குழாய் உருட்டும் முத்துலட்சுமியை ஏற்பாடு செய்தேன். பத்தாம் வகுப்புவரை படித்தவர், முத்து முத்தான கையெழுத்து.

ஒரு வாரத்தில் வந்த அளவுகளைப் பார்த்து எங்கள் கைடு சார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். மூன்று அல்ல, ஐந்து டிகிரி வித்தியாசம். எனக்குச் சந்தோஷத்தில் அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் பதினோரு மணிக்கு நேரில் போய்ப் பார்த்தேன். ஒன்பதாம் நம்பர் தெர்மாமீட்டரில் முப்பத்தேழு. நோட்டில் பதினோரு மணிக்கு நேரே முப்பத்தைந்து. என்ன இது என்றால், முத்துலட்சுமி பசை ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்: "சூடு கொறைஞ்சாத்தான் உங்களுக்குப் பட்டம்னு சொன்னீகள்ல? அதான் ரெண்டு ரெண்டாக் கொறைச்சு எழுதுனேன். பத்தாதுன்னா சொல்லுங்க மேடம், இன்னும் கொறைச்சுருவோம்."

மத்தியான லீவு

ஏழு நாள் அளவும் குப்பைக்குப் போயிற்று. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், சூடு கூடினாலும் எழுதுங்கள் என்று முத்துலட்சுமியின் கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டு மறுபடி தொடங்கினேன். இப்போது வந்த அளவுகள் நேர்மையாகத்தான் வந்தன. காலை முழுக்க ஒன்பதாம் நம்பர் மூன்று டிகிரி குறைவு. ஆனால் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணிவரை, அதாவது வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், தகடு போட்ட அறை போடாத அறையைவிட ஒரு டிகிரி அதிகம்!

தகடு இளகுகிறதா, இடைவெளியில் காற்று அடைபடுகிறதா, பொடி சரியாகக் கலக்கவில்லையா என்று ஒரு வாரம் தூக்கமில்லாமல் சமன்பாடு போட்டேன். எந்தச் சமன்பாடும் மத்தியானம் மட்டும் காலை வாருவதற்குக் காரணம் சொல்லவில்லை. மே மாதம் முடியப் போகிறது. வரைபடத்தைத் தலைகீழாகக் கூடப் பிடித்துப் பார்த்த கைடு சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, உன் கூரை சாப்பாட்டு நேரத்துக்கு லீவு போட்டுட்டுப் போயிருதா?"

ஆள் அளவு நாலு

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் அனுமதி வாங்கி, சரியாக ஒரு மணிக்கு ஒன்பதாம் நம்பர் வாசலில் போய் நின்றேன். உள்ளே எள் விழ இடமில்லை. ஒன்பதாம் நம்பர் குளிர்ச்சி என்று முதல் வாரத்துக்கு அப்புறம் சேதி பரவி, எல்லா அறைப் பெண்களும் தூக்குச்சட்டியோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணினேன், பத்தொன்பது பேர். பத்தாம் நம்பர் காலி. இத்தனை உடம்புச் சூட்டை எந்தத் தகடு தாங்கும்? "வாங்க மேடம், இங்கன ஒக்காருங்க, குளுகுளுன்னு இருக்கு" என்று முத்துலட்சுமி நகர்ந்து இடம் கொடுத்தார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஏழு வருடத்தில் என் கூரைக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அதுவே என் ஆராய்ச்சியைக் கெடுத்துக்கொண்டும் இருந்தது.

பின்னாலேயே சுந்தரராஜ் வந்தார். மற்ற நாட்களில் அவர் அந்த நேரத்தில் மெயின் ஆபீசில் சாப்பிடப் போய்விடுவாராம்.  வாசல் சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருந்த 'ஆள் அளவு 4' என்பதைக் கையால் தட்டினார். தகட்டை அன்றைக்கே கழற்றச் சொல்லிவிட்டு, என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா நாலோட போகட்டும்னுதான் மேடம் அந்த நம்பரு. நீங்க பத்தொம்பது பேரக் கூட்டி வச்சிருக்கீக."

கழற்றப் போன அன்று

 அவர் சொன்னது அத்தனையும் நியாயம். ஆனாலும் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், பதினைந்தே பதினைந்து நாள் கொடுங்கள் என்று. அந்தப் பெண்களிடமும் கேட்டேன். தாங்கள் அந்தப் பக்கமே வரமாட்டோம் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் சுந்தரராஜ் சம்மதித்தார். ஜூன் வெயிலில் அவரவர் அறையில், மொட்டைக் கூரைக்குக் கீழே, வியர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்து சாப்பிட்டார்கள். போகும்போதெல்லாம் பார்த்தேன். பார்க்காத மாதிரி நோட்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பதினைந்து நாளும் அளவு சுத்தமாக வந்தது. மூன்று டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். வேலை தப்பியது.

தகடு கல்லூரிச் சொத்து, கழற்றி வந்து ஒப்படை என்று கைடு சார் சொன்னார். லோடு ஆட்டோ பிடித்துக்கொண்டு போனேன். ஏணி சாத்தியதும் முத்துலட்சுமி உருட்டிக்கொண்டிருந்த குழாயைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். பத்தாம் நம்பர் வாசலிலும் நாலு பேர் வந்து நின்றார்கள். "மத்த ரூம்காரிக பதினஞ்சு நாளும் வெந்துக்கிட்டே சாப்பிட்டாக, ஒரு ஆளு இங்கன எட்டிப் பாக்கலை. அளந்து முடிஞ்சதும் இதத் தூக்கிட்டுப் போறீகளே, நீங்க அளந்து முடிச்சதோட வெயிலும் போயிருமா மேடம்?"

லோடு ஆட்டோ காலியாகத்தான் திரும்பியது, கல்லூரி இன்னும் என்னிடம் தகட்டைக் கேட்கிறது, மற்ற அறைக்காரர்கள் தங்கள் கூரைக்கு எப்போது என்று கேட்கிறார்கள். ஆக, ஏழு வருடம் படித்து நான் குளிர வைத்தது ஒரே ஓர் அறையை, சூடேற்றியது மீதி அத்தனை அறைகளையும்.