இடப்பக்கம் இழுத்த ஸ்டியரிங்

எங்கள் பஸ் டிரைவருக்குப் பணிமனையில் 'மெத்தை' என்று பெயர். அவர் ஓட்டினால் நின்றுகொண்டு வருபவனுக்கும் தூக்கத்தில் கண் சொக்கும். அப்படிப்பட்ட மனிதரை ஒரு பிளாஸ்டிக் ஸ்டியரிங் கோமாளியாக்கிவிட்டது. நான் அவருடைய கண்டக்டர், பக்கத்து வீட்டுக்காரனும்கூட. அந்தக் கூத்து முழுவதையும் பார்த்தேன்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஞாயிறுதோறும் அவரோடு வீடியோ கேமில் கார் ரேஸ் ஓட்டுவாள். அப்பாவும் மகளும் வாய்விட்டுப் பேசுவது அப்போது மட்டும்தான். பட்டனை அமுக்கி ஓட்டுவது டிரைவருக்கு அழகில்லை என்று இவர் ஸ்டியரிங் வாங்கினார்.

வந்து சேர்ந்தது ஒரு சனியன். மேஜையில் மாட்டினால் கழன்றது. பிரேக்கை மிதித்தால் பெடல் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்தது. நேராகப் பிடித்தாலும் கார் இடப்பக்கம் போய்ச் சுவரில் முட்டியது. இதைச் செய்தவன் ஜென்மத்தில் ஒரு தள்ளுவண்டியைக்கூடத் தொட்டிருக்க மாட்டான். பெட்டியில் மட்டும் 'நிஜ வாகன அனுபவம்' என்று கொட்டை எழுத்து! எந்த வாகனம்? நடுரோட்டில் பழுதாகி நிற்குமே, அதுவா?

"திருப்பிக் குடுத்துடுங்கண்ணே."

"டெப்போவுல எந்த ஓட்டை வண்டியைக் குடுத்தாலும் ஓட்டுறவன்டா நான்."

பெடலுக்குப் பின்னால் செங்கல் வைத்தார். மேஜையில் பழைய சைக்கிள் டியூபால் கட்டினார். ஸ்டியரிங்கை எப்போதும் கொஞ்சம் வலப்பக்கமே பிடித்தார். கை பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மகளை ஜெயித்து வீட்டையே இரண்டாக்கினார்.

மறுநாள் காலை, நேரான ரோட்டில், எங்கள் பஸ் வலப்பக்கம் போய் நடுத்தடுப்பில் உரசியது.

"என்னண்ணே ஆச்சு!"

அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் முதல் கீறல். பணிமனையில் ஆளாளுக்குச் சிரித்தார்கள்.

சாயங்காலமே சனியன் குப்பைக்குப் போனது. பழையபடி பட்டனை அமுக்கவும் அவருக்கு மனசு வரவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் முகம் வாடியது. "ஞாயித்துக்கிழமை அவகிட்ட என்னத்தடா பேசுவேன்?"

அடுத்த ஞாயிறு மகளே போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"இன்னிக்கு ரேஸ் இல்லம்மா. ஸ்டியரிங்கத் தூக்கிப் போட்டுட்டேன்."

"நல்லதாப் போச்சுப்பா. எனக்கு அந்த விளையாட்டே பிடிக்காது."

"அப்புறம் ஏம்மா வாராவாரம் ஓட்டுன?"

"வேற என்ன பண்றது? போன் பண்ணா 'சாப்பிட்டியா'ன்னு கேட்டுட்டு அம்மாகிட்ட குடுத்துடுவீங்க."

அவர் மனைவி வழக்கம்போல் போனுக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். இவர் கொடுக்கவில்லை.

"சாப்பிட்டியாம்மா?" என்றார். கொஞ்சம் திணறிவிட்டு, "என்ன சாப்பிட்ட?" என்று அடுத்த கேள்வியையும் கேட்டார்.