நசுங்கிய ட்ராம்போனும் முன்வரிசையும்

வாயில் பித்தளை ருசி... கூடவே அம்மாவின் முகக் க்ரீம் வாசனை.

பள்ளிக்கூட பேண்டில் ட்ராம்போன் வாசித்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்த இரண்டும்தான். ட்ராம்போன் என்ற அந்தப் பித்தளை ஊதுகருவியில் ஸ்லைடு என்று ஒன்று உண்டு, கையால் இழுத்து நீட்டும் குழாய். அது வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதற்கென்று விற்கும் எண்ணெய்க்கு நாங்கள் எங்கே போவது? அம்மாவின் க்ரீமைத் தடவி, மேலே தண்ணீர் தெளித்துக்கொள்வேன். "என் மூஞ்சிக்கே இல்ல, அந்தக் கொழாய்க்குக் கேக்குதா?" என்று அம்மா கத்துவார்.

தஞ்சாவூரில் நான் பத்தாவது முடித்த சமயம். அதுவரை வாசித்தது பள்ளிக்கூடத்துக் கருவி. சின்னப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் ரகம். பதினொன்றாவதில் தொடர வேண்டுமென்றால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த நிலை ட்ராம்போன் ஒன்றை நாமே வாங்கிக்கொள்ள வேண்டும்.

என் பிரச்சினை வேறு. என் கை குட்டை. ஸ்லைடைக் கடைசிவரை நீட்டினால்தான் வரும் அடி சுரங்கள் எனக்கு எட்டவே எட்டாது. அந்த இடம் வந்தால் கன்னத்தை மட்டும் உப்பிக்கொண்டு நிற்பேன். பேண்ட் மாஸ்டர் விடுவாரா?

"கயலு, உனக்கு இது செட் ஆவாதும்மா. பொம்பளப் புள்ளைங்க கிளாரினெட் வாசிச்சாதான் லட்சணமா இருக்கும். லீவு முடிஞ்சதும் மாத்திடலாம்."

லட்சணமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இல்ல சார், ட்ராம்போன்தான்."

"அப்ப ஜூன்ல அந்த அடி நோட்டெல்லாம் வரணும். வரலன்னா கிளாரினெட். சரியா?"

அப்பாவிடம் மட்டும் தனியாக ஒன்று சொல்லி அனுப்பினார். "வாங்குறதுதான் வாங்குறீங்க, புதுசா பளபளன்னு வாங்குங்க. பரேடுல கண்ணப் பறிக்கணும்."

சித்திரை வெயிலில் அப்பாவும் நானும் திருச்சிக்கு பஸ் ஏறினோம். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். அடேங்கப்பா... முகம் பார்க்கலாம். அப்பா வாயைப் பிளந்துவிட்டார்.

நான் ஸ்லைடை இழுத்தேன். பாதியில் ஓர் இடத்தில் மணல் சிக்கினாற்போல் உரசியது.

மேல் தட்டில் பழையது ஒன்று கிடந்தது. ஊதும் காற்று வெளியே வரும் அகன்ற வாயில் பெரிய நசுங்கல். நிறம் போய்ப் பல்லிளித்தது. ஆனால் அதில் ட்ரிகர் இருந்தது. இடது கட்டைவிரலால் அழுத்தினால் காற்று இன்னொரு குழாய் வழியாகச் சுற்றிப் போகும். கையை அவ்வளவு தூரம் நீட்டாமலேயே அடி சுரம் வந்துவிடும். எடுத்துத் தரச் சொல்லி ஸ்லைடை இழுத்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. ட்ரிகரை அழுத்தி ஊதினேன்.

வந்தது. இத்தனை நாள் எனக்கு எட்டாத அந்தச் சுரம், கடையின் கண்ணாடி அதிர வந்தது.

"அது வேணாம் பாப்பா, அடிபட்டது. வெயிட்டும் அதிகம், நீ தூக்க மாட்டே" என்றார் கடைக்காரர்.

"பாத்தா அசிங்கமா இருக்கேம்மா..." என்று அப்பாவும் இழுத்தார்.

"அப்பா, போன வருஷம் பழைய பவர் டில்லர் வாங்கப் போனப்ப பெயின்ட்டையா பாத்தீங்க?"

அன்று விற்க வைத்திருந்தவர் டில்லருக்குப் புது பெயின்ட் அடித்து, பொட்டு வைத்து நிறுத்தியிருந்தார். அப்பா இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார். சூடு. 'முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கான்' என்று சொல்லிவிட்டு, ஆறிய பிறகும் அது ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்க வரப்பிலேயே உட்கார்ந்திருந்த மனிதர் அவர்.

அப்பா சிரித்துவிட்டார். "அந்த அடிபட்டதையே கட்டிக் குடுங்க."

ஜூனில் மாஸ்டர் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

"என்னம்மா இது, லாரில அடிபட்ட மாதிரி! இத வச்சிக்கிட்டு சுதந்திர தினப் பரேடுல முன்னாடி நிப்பியா?"

"நோட்டு வருது சார். வாசிச்சுக் காட்டட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். கடைசி வரிசைக்குப் போ."

பேண்டில் ட்ராம்போனுக்கு எப்போதும் முன்வரிசைதான். ஸ்லைடு நீள்வதற்கு எதிரே காலி இடம் வேண்டுமே. மாஸ்டருக்குத் தெரியாததா? ஆனால் என் நசுங்கலை மறைக்கிற அவசரத்தில் அதை மறந்துவிட்டார். எனக்கு நேர் முன்னால் கிளாரினெட் பாஸ்கர்.

ஒத்திகையில் மார்ச் பாட்டு ஆரம்பித்தது. முதல் வரியிலேயே பாஸ்கரின் தொப்பி பறந்தது. அடுத்த வரியில்... "ஐயோ சார், என் காது!"

"கைய நீட்டாதம்மா!"

"நீட்டாம எப்படி சார் ட்ராம்போன் வாசிக்கிறது?"

மைதானமே சிரித்தது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் என் சுரத்தைச் சுருக்கிக்கொள்ளவும் இல்லை. ஏன் சுருக்க வேண்டும்?

மாஸ்டர் முகம் சிவந்து நின்றார். பிறகு, "போ... முன்னாடி போய்த் தொலை" என்றார்.

போனேன். நசுங்கல் ஊருக்கே தெரிகிற மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போனேன். அந்த அடி சுரம் வந்த இடத்தில் மாஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார். பாராட்டெல்லாம் இல்லை. கிளாரினெட் பேச்சை மட்டும் அதோடு விட்டுவிட்டார்.

இப்போதெல்லாம் போனில் நட்சத்திரம் எண்ணி வாங்குகிறோம். பளபளப்பான படம், அதற்குக் கீழே ஆயிரம் பேர் கருத்து. கையில் எடுத்து ஊதிப் பார்க்க வழியில்லை. அந்தக் க்ரீம் டப்பாவும் இல்லை... வேலை, குடும்பம் என்று வாசிப்பது நின்றுபோனதும் ட்ராம்போனைப் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிட்டேன்.

நேற்று பழைய மாணவர் குரூப்பில் பள்ளி பேண்டின் போட்டோ வந்தது. முன்வரிசை முழுக்கப் பெண்கள். ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார்: "பொண்ணுங்கள முன்னாடி நிறுத்துனா போட்டோவுக்கு அழகுதான்!"

பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு குட்டைக் கைக்காரி. கட்டைவிரல் ட்ரிகரில் இருக்கிறது. அவள் கையில் என் நசுங்கல்.

"அழகுக்கு நிறுத்தின எடம் இல்ல சார் அது. கை நீட்ட எடம் வேணும்" என்று பதில் போட்டேன்.

அடுத்த நொடியே துபாயிலிருந்து பாஸ்கர்: "சந்தேகம் இருந்தா என் காதக் கேளுங்க."