சித்தப்பாவின் கல்

எழுபத்தொன்றாம் வருட யுத்தத்தில் சித்தப்பா இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது; உடல் வரவில்லை. உடல் வராத சாவைச் சித்தி ஏற்கவில்லை. தாலியும் பொட்டுமாகத் தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தாள். சுற்றத்தார் ஒரு வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு தெருமுனையில் அவருக்கு நினைவுக்கல் வைக்க ஒரு விழாக் குழு முளைத்தது. எங்கே அனுமதி வாங்குவது, யாருக்கு முதல் மாலை என்பதற்கெல்லாம் விதி உண்டு. பின்னாளில் அரசு விழாக்களை நடத்தும் அதிகாரியாக அந்த விதிகளைக் காப்பாற்றித்தான் நான் சம்பளம் வாங்கினேன். குழு எதையும் விடவில்லை. எங்கள் தெருவில் கல் நடுவது கருமாதியன்று, அன்றே மனைவியின் தாலியை வாங்கிவிடுவார்கள் என்பதை மட்டும் மறந்துபோனது.

தெரு மறக்கவில்லை. திருப்புட்குழியிலிருந்து சித்தியின் அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார். கக்கத்தில் வெள்ளைப் புடவை.

கல்லைச் சிவப்புப் பட்டால் மூடியிருந்தார்கள். மைக்கில் அழைத்ததும் சித்தி சின்னப் பிள்ளையான என் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். பிடி வலித்தது.

“கயித்த இழும்மா,” என்றார் குழுத் தலைவர்.

“இழுத்தா, அவரு செத்துட்டாருன்னு நானே சொன்னாப்பல ஆயிடும்பா.”

“அரசாங்கமே சொல்லிடுச்சேம்மா!”

“அப்ப அரசாங்கத்தையே வந்து இழுக்கச் சொல்லுங்க.”

யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்தினார்கள். அண்ணன் முன்னால் வந்தார். “தெருவே பாத்துக்கினு இருக்குது. எத்தினி நாளைக்குமா? இன்னிக்கே முடிச்சிடலாம்.” புடவையைப் பிரிக்கத் தொடங்கினார்.

சித்தி என் கையை விட்டாள். கயிற்றைத் தொடவில்லை, பட்டுத் துணியையே பிடித்து உருவினாள். தலைவரை வரவேற்க வைத்திருந்த தட்டிலிருந்து குங்குமத்தை அள்ளி, கல்லில் பொட்டு வைத்தாள். அதே விரலால் தன் நெற்றியிலும்.

“சாமியாயிட்டாரு. சாமி பொண்டாட்டி தாலிய எவன் கேக்கறான்? முன்ன வரட்டும்.”

கூட்டத்தில் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி கற்பூரம் ஏற்றினாள். அண்ணன் புடவையை மறுபடி மடித்தார். கையில் உரையோடு நின்ற தலைவரும் வேறு வழியில்லாமல் கும்பிட்டார்.

சித்தி ஜெயித்துவிட்டாள் என்று வழியெல்லாம் குதித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் சுவரில் சாய்ந்து, முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள். உயிரோடு இருப்பவருக்கு யாரும் கல்லில் பொட்டு வைப்பதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஜெயித்துவிட்டு ஏன் அழுகிறாய் என்று அவளையே கேட்டேன்.